‘விரைவில்’ என்றால் எந்தத் தேதி?

கேள்வி: வணக்கம் மேடம். ஈரோட்டில் ஒரு ஆன்லைன் துணிக்கடையில் வேலை செய்கிறேன். சென்னிமலைப் போர்வை, துண்டு, பவானி ஜமக்காளம் எல்லாம் வெளியூர்களுக்கு அனுப்புகிறோம். வாடிக்கையாளர் மெயில்களுக்குப் பதில் போடுவது என் வேலை. ஒரு நாளைக்கு அறுபது வரை வரும். முதலாளி கொடுத்த மாதிரிப் பதில்களைத்தான் அனுப்புகிறேன். மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை எழுதியதில்லை. ஆனாலும் அதே ஆட்கள் மறுபடி மறுபடி எழுதுகிறார்கள், ஒவ்வொரு தடவையும் கோபம் ஏறிக்கொண்டே போகிறது. என் ஆங்கிலம் சுமார். அதுதான் காரணமா? ஏஐ வைத்து எழுதலாமா? ஒரு மெயிலையும் அதற்கு நான் போட்ட பதிலையும் இணைத்திருக்கிறேன். — ர., ஈரோடு

பதில்:

அன்புள்ள தம்பி,

உங்கள் ஆங்கிலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நீங்கள் இணைத்த பதிலில் பிழை ஒன்றும் இல்லை, மரியாதைக்கும் குறைவில்லை. கேட்டதற்குப் பதில் மட்டும்தான் இல்லை.

அந்த அம்மா எழுதியதன் சாரம் இது: “3ஆம் தேதி கூகுள் பேயில் 1,850 ரூபாய் கட்டினேன். கணக்கில் பணம் போய்விட்டது, ஆர்டர் வந்ததாக மெசேஜ் வரவில்லை. மறுபடி கட்டலாமா? 14ஆம் தேதி என் பெண்ணுக்கு வளைகாப்பு, அதற்குள் போர்வை வர வேண்டும்.” நீங்கள் மறுநாள் போட்ட பதில் தமிழில் இப்படி வரும்: “மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே, ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். தங்கள் புகார் சம்பந்தப்பட்ட பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது. விரைவில் தொடர்பு கொள்வோம். தயவுசெய்து ஒத்துழைக்கவும்.”

அவர் கேட்டது மூன்று. என் பணம் எங்கே, மறுபடி கட்டலாமா, 14ஆம் தேதிக்குள் வருமா. ஒன்றுக்காவது பதில் இருக்கிறதா? அவர் மறுபடி எழுதாமல் வேறு என்ன செய்வார்? இதே அம்மா கடைக்கு நேரில் வந்து கேட்டிருந்தால், ‘சம்பந்தப்பட்ட பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது’ என்றா சொல்லியிருப்பீர்கள்? கணினியைப் பார்த்துவிட்டு, “அம்மா, பணம் எங்களுக்கு வரவில்லை, உங்கள் அக்கவுண்டுக்கே திரும்பிவிடும்” என்றிருப்பீர்கள். அதைத்தான் எழுத வேண்டும்.

ஆனால் எழுதும் முன் பார்க்க வேண்டும். சப்போர்ட் வேலையில் முக்கால்வாசி இந்தப் பார்ப்பதுதான், எழுதுவது மீதிதான். இந்த மெயிலுக்கு உங்கள் பேமெண்ட் கேட்வேயின் (ஆன்லைனில் கட்டும் பணத்தைக் கடைக்கு வாங்கித் தரும் சேவை) பக்கத்தைத் திறந்து, அந்தத் தேதியில் அவருடைய மொபைல் எண்ணைப் போட்டுத் தேட வேண்டும். பணம் வந்து சேர்ந்திருக்கிறதா, தோல்வி என்று நிற்கிறதா, இன்னும் நிலுவையில் இருக்கிறதா? முதலில் தோல்வி என்று காட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து வெற்றி என்று மாறுவதும் யுபிஐயில் உண்டு. அதனால் வாடிக்கையாளர் எழுதிய நேரத்து நிலவரத்தை நம்பாமல், நீங்கள் பதில் எழுதும் நேரத்தில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பணம் வந்துவிட்டிருந்தால் கதையே வேறு, ஆர்டரைப் பதிவு செய்து அந்த எண்ணை அனுப்பினால் வேலை முடிந்தது.

தோல்வி என்றே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது நீங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டிய விதி ஒன்று இருக்கிறது. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. யுபிஐயில் கடைக்குப் பணம் கட்டும்போது கணக்கிலிருந்து பணம் போய், கடைக்கு உறுதி வராவிட்டால், கட்டிய நாளிலிருந்து 5 நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். அதைத் தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் வீதம் வாடிக்கையாளருக்கு இழப்பீடு. நம் ஆட்களில் பலர் பணம் போனால் போனதுதான் என்று நினைத்துப் பயந்துபோய் எழுதுகிறார்கள். இந்த ஒரு விவரம் அந்தப் பயத்தைப் பாதியாகக் குறைத்துவிடும். நான் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பேன்:

“வணக்கம் அம்மா. நீங்கள் 3ஆம் தேதி கட்டிய 1,850 ரூபாய் எங்களுக்கு வந்து சேரவில்லை, ஆர்டரும் பதிவாகவில்லை. இந்தப் பணம் உங்கள் வங்கிக் கணக்குக்குத் தானாகத் திரும்பிவிடும். ரிசர்வ் வங்கி விதிப்படி 8ஆம் தேதிக்குள் வந்தாக வேண்டும். அன்றைக்கும் வராவிட்டால், கூகுள் பேயில் அந்தப் பேமெண்டைத் திறந்தால் 12 இலக்க எண் ஒன்று தெரியும். அதைச் சொல்லி உங்கள் வங்கியில் புகார் கொடுங்கள். எனக்கும் அந்த எண்ணை அனுப்புங்கள், எங்கள் பக்கம் பணம் வரவில்லை என்பதை எழுதித் தருகிறேன்.

போர்வை 14ஆம் தேதிக்குள் வேண்டுமென்றால், பழைய பணத்துக்காகக் காத்திருக்காமல் மறுபடி ஆர்டர் போட்டுவிடுங்கள். நாளை மதியம் 2 மணிக்குள் போட்டால் நாளையே அனுப்பிவிடுவோம். கோவைக்கு வழக்கமாக இரண்டு, மூன்று நாள் ஆகும், 9ஆம் தேதிக்குள் கையில் கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறேன். ஒருவேளை பழைய பணமும் எங்களிடம் வந்து சேர்ந்தால் அதை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவோம்.”

கீழே உங்கள் பெயர். ‘சப்போர்ட் டீம்’ என்று மொட்டையாகப் போட வேண்டாம். மறுபடி எழுத வேண்டி வந்தால் யாருக்கு எழுதுகிறோம் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

இதில் ‘வருந்துகிறோம்’ இல்லை, கவனித்தீர்களா? பணம் மாட்டியது உங்கள் தவறு அல்ல. கூரியரில் போர்வை நனைந்து போனால், தவறான கலர் போனால், அப்போது மன்னிப்புக் கேளுங்கள். என்ன தவறு என்று பெயர் சொல்லி, ஒரே ஒரு தடவை. ‘பச்சைக்குப் பதில் நீலம் அனுப்பிவிட்டோம், மன்னிக்கவும்’ என்றால் போதும். எல்லா மெயிலிலும் வருந்திக்கொண்டே இருந்தால் நிஜமாக வருந்த வேண்டிய இடத்தில் சொல்ல ஒன்றும் மிஞ்சாது. கூரியர் மேல் பழியைப் போடவும் வேண்டாம். அவர் காசு கொடுத்தது உங்களுக்கு, கூரியரைத் தேர்ந்தெடுத்ததும் நீங்கள்.

அந்த மெயிலில் கடைசி வாக்கியத்தையும் பாருங்கள், “ஒருவேளை பழைய பணமும் வந்து சேர்ந்தால்.” அவர் அதைக் கேட்கவில்லை. ஆனால் மறுபடி கட்டச் சொன்னதும் அவர் மனசில் வரப்போகிற முதல் சந்தேகம் அதுதான். ‘ரெண்டு தடவை எடுத்துக்கிட்டா?’ அதை இப்போதே சொல்லிவிட்டால் ஒரு மெயில் மிச்சம். அனுப்பும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இதைப் படித்துவிட்டு அடுத்து என்ன கேட்பார்? அந்தப் பதிலையும் சேர்த்துவிட்டு அனுப்புங்கள்.

‘விரைவில்’, ‘கூடிய சீக்கிரம்’ இரண்டையும் தூக்கிப் போடுங்கள். 24 மணி நேரம், 5 வேலை நாள் என்பதுகூட அரைகுறைதான். எப்போதிலிருந்து எண்ணுவது, ஞாயிற்றுக்கிழமை சேருமா என்று வாடிக்கையாளர் விரல் விட வேண்டியிருக்கிறது. ‘வியாழன், 9ஆம் தேதி மாலைக்குள்’ என்று எழுதிவிடுங்கள். நிச்சயமாகத் தெரியாவிட்டால், தெரிந்ததைச் சொல்ல ஒரு தேதி கொடுங்கள்: ‘கூரியரிடம் கேட்டிருக்கிறேன், நாளை மாலை 5 மணிக்குள் அவர்கள் சொன்னதை உங்களுக்கு எழுதுகிறேன்.’ நாளை மாலை அவர்கள் ஒன்றுமே சொல்லாமல் இருந்தாலும், ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியே ஆக வேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சொல்வதற்கு ஒன்றும் இல்லாதபோது எதற்கு மெயில் என்று இவர்கள் சும்மா இருக்க, நம்மை மறந்துவிட்டார்கள் என்று வாடிக்கையாளர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள்.

பணத்தைத் திருப்பி அனுப்பும்போதும் இதே கதைதான். ‘ரீஃபண்ட் செய்துவிட்டோம்’ என்று மட்டும் எழுதினால் மறுநாளே ‘வரவில்லையே’ என்று வரும். கார்டில் கட்டியவருக்குப் பணம் போய்ச்சேர ஒரு வாரம்கூட ஆகலாம். எவ்வளவு அனுப்பினீர்கள், எந்தத் தேதியில், எந்தக் கணக்குக்கு, அதன் குறிப்பு எண் என்ன, இவ்வளவும் இருக்கட்டும். கார்டு என்றால் ஏஆர்என் என்ற 23 இலக்க எண் கேட்வேயில் கிடைக்கும். அதைக் கொண்டு வாடிக்கையாளர் தன் வங்கியிலேயே விசாரித்துக்கொள்ள முடியும்.

விவரம் கேட்டு எழுதுவதில் நிறைய பேர் சொதப்புகிறார்கள். இன்றைக்கு ஆர்டர் எண், நாளைக்குப் போட்டோ, மறுநாள் ‘பார்சல் கவரின் போட்டோவும் வேண்டும்’. மூன்று நாள் போச்சு. வேண்டியதை எல்லாம் ஒரே மெயிலில் கேளுங்கள், ஒவ்வொன்றையும் எங்கே பார்ப்பது என்றும் சொல்லுங்கள். ஆர்டர் எண் என்றால் எது என்று அறுபது வயதுக்காரருக்கு எப்படித் தெரியும்? ‘எங்கள் எஸ்எம்எஸ்ஸில் எண்ணாக வந்திருக்கும், 7 இலக்கம்’ என்று எழுதினால் எடுத்துத் தருவார். அதைவிட, மொபைல் எண்ணை வைத்து நீங்களே தேடிவிட முடியுமென்றால் கேட்கவே வேண்டாம். ஓடிபி, கார்டு எண், பின் இவற்றை எந்தக் காரணத்துக்காகவும் மெயிலில் கேட்காதீர்கள். ‘நாங்கள் கேட்கவே மாட்டோம்’ என்று கீழே ஒரு வரி நிரந்தரமாக இருப்பதும் நல்லது. கடைப்பெயரில் போலி மெயில் அனுப்பும் ஆட்கள் பெருகிவிட்டார்கள்.

இல்லை என்று சொல்வதுதான் இந்த வேலையில் கஷ்டமான இடம். உங்கள் தொழிலிலேயே எடுத்துக்கொள்வோம். ஒருவர் எழுதுகிறார்: “90க்கு 100 அங்குலம் என்று போட்டு விற்றீர்கள். ஒரு தடவை துவைத்ததும் நீளம் 96தான் இருக்கிறது. ஏமாற்று வேலை. பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்.” இதற்கு ‘எங்கள் பாலிசிப்படி துவைத்த பொருளைத் திரும்பப் பெற இயலாது’ என்று ஒரு வரி போடுவதுதான் வழக்கம். அந்த ஆள் கொதித்துப்போவார். போகாமல் என்ன செய்வார்? ஏமாற்று வேலை என்றதற்கு அதில் பதிலே இல்லையே.

உண்மை என்ன? தறியில் பாவு நூலை, அதாவது நீளவாக்கில் ஓடும் நூலை, இழுத்துக் கட்டி, அந்த இழுப்பிலேயே நெய்கிறார்கள். தண்ணீரில் நனைந்ததும் இழுப்பு விட்டுத் துணி கொஞ்சம் உள்வாங்கும். முன்கூட்டியே நனைத்துச் சுருக்காத காட்டன் துணி முதல் அலசலில் 3 முதல் 5 சதவீதம் சுருங்குவது சாதாரணம், அதற்கப்புறம் பெரிதாகச் சுருங்காது. 100 அங்குலம் 96 ஆனது இந்த வரம்புக்குள்தான். இதை அப்படியே சொல்லலாம்: “துவைத்த போர்வையை நாங்கள் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. அளவைத் தவறாகப் போடவில்லை, அனுப்பும்போது 100 அங்குலம்தான். கைத்தறிக் காட்டன் முதல் அலசலில் இந்த அளவு சுருங்கும், இனிமேல் இதே அளவில் நிற்கும். 90 அங்குலம் வரை இறங்கியிருந்தால் அது துணியின் குறை, அப்படி இருந்தால் அளவுநாடா வைத்து ஒரு போட்டோ அனுப்புங்கள், மாற்றித் தருகிறேன்.” முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நாலு வரி சர்க்கரை தடவிவிட்டுக் கடைசியில் சொன்னால் அந்த நாலு வரியும் ஏமாற்றாகத்தான் தெரியும். அப்புறம் காரணம், அப்புறம் உங்களால் என்ன முடியும் என்பது.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. சுருங்கும் என்று உங்கள் வெப்சைட்டில் அந்தப் போர்வைக்குக் கீழே எழுதியிருக்கிறதா? எழுதவில்லை என்றால் அந்த ஆள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. முதலாளியிடம் பேசி அவருக்குப் பணத்தையோ வேறு போர்வையையோ கொடுத்துவிடச் சொல்லுங்கள், அன்றைக்கே அந்த வரியையும் பக்கத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். பக்கத்தில் இல்லாத ஒன்றை மெயிலில் அழகாக விளக்கி வாடிக்கையாளரைச் சமாளிப்பதை நான் திறமையாக எண்ணுவதில்லை.

கோப மெயில்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். திட்டையெல்லாம் ஒதுக்கிவிட்டு என்ன கேட்கிறார் என்று மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அதற்குப் பதில் எழுதுங்கள். ‘உங்கள் உணர்வுகளைப் புரிந்துகொள்கிறோம்’ வேண்டாம், படிப்பவருக்கு எரிச்சல்தான் வரும். இரண்டாவது முறை எழுதியவருக்கு மாதிரிப் பதில் போகவே கூடாது. முடிந்தால் போன் போட்டுப் பேசிவிட்டு, பேசியதை மெயிலில் உறுதி செய்யுங்கள். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவேன், நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போடுவேன் என்று எழுதினால் பதறவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று சொல்லியாக வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும், குறைதீர் அலுவலர் யார் என்பதும் வெப்சைட்டில் இருக்க வேண்டும். உங்கள் முதலாளிக்கு இது தெரியுமா என்று மெல்ல விசாரியுங்கள்.

மொழி விஷயத்தில் என் கருத்து சுலபம். தமிழில் எழுதியவருக்குத் தமிழில், ஆங்கிலத்தில் எழுதியவருக்குச் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களில். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுபவர்கள் பெரும்பாலும் கீபோர்டு வசதிக்காக அப்படிச் செய்பவர்கள், தமிழ் எழுத்தில் பதில் வந்தால் சந்தோஷமாகவே படிப்பார்கள். பெங்களூரு, மும்பையில் வளர்ந்தவர்களுக்குத் தமிழ் வாசிக்க வராமல் இருக்கலாம், அவர்களுக்கு ஆங்கிலம். உங்கள் ஆங்கிலம் சுமார் என்பது இங்கே ஒரு வசதிதான், நீளமாக எழுத மாட்டீர்கள். போனில் படிக்கிறார்கள் என்பதை மறக்காமல் இரண்டு மூன்று வரிக்கு ஒரு இடைவெளி விட்டால் சரி.

மாதிரிப் பதில்களை ஒழிக்கச் சொல்லவில்லை. அறுபது மெயிலையும் முதலிலிருந்து எழுதினால் கை ஒடிந்துவிடும். ஆனால் உபசார வார்த்தைகளைச் சேமித்து வைக்காமல் விவரங்களைச் சேமித்து வையுங்கள். யுபிஐ 5 நாள் விதி ஒரு துண்டு, சுருக்கம் பற்றி ஒரு துண்டு, அடர் சிவப்பும் நீலமும் முதல் சில அலசலில் சாயம் விடும், தனியாக அலசுங்கள் என்பது ஒரு துண்டு, எந்த ஊருக்கு எத்தனை நாள் என்பது ஒரு துண்டு. முதல் வரியும் தேதியும் மட்டும் ஒவ்வொரு முறையும் நீங்களே எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தத் துண்டுகளைப் படித்துப் பாருங்கள், கூரியர் மாறியிருக்கும், பழைய நாள் கணக்கே போய்க்கொண்டிருக்கும்.

அடுத்து ஏஐ. நீங்கள் எழுதியதைச் சரிபார்க்க, ஆங்கிலத்தைத் திருத்த, தாராளமாகப் பயன்படுத்துங்கள். வாடிக்கையாளரின் பெயர், போன், முகவரியை அதில் போடாதீர்கள். மெயிலையே அதனிடம் கொடுத்துப் பதில் எழுதச் சொன்னால்தான் ஆபத்து. அந்தப் பார்சல் எந்த ஊரில் கிடக்கிறது என்று அதற்குத் தெரியாது. தெரியாததையும் தெரிந்த மாதிரி எழுதும். கனடாவில் ஏர் கனடா விமானக் கம்பெனியின் சாட்பாட், குடும்பத்தில் இறப்பு நேர்ந்ததால் பயணம் செய்த ஒருவரிடம், டிக்கெட் எடுத்தபிறகும் சலுகைக் கட்டணத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று சொல்லிவிட்டது. கம்பெனி விதி அப்படி இல்லை. சாட்பாட் சொன்னதற்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று கம்பெனி வாதாடிப் பார்த்தது. 2024 பிப்ரவரியில் அங்குள்ள தீர்ப்பாயம் அதை ஏற்காமல் பயணிக்கு இழப்பீடு கொடுக்கச் சொல்லிவிட்டது. உங்கள் கடைப்பெயரில் எது போனாலும் அது கடை சொன்னதுதான். மாற்றித் தருகிறோம், இலவசமாக அனுப்புகிறோம் என்று அது தானாகச் சேர்த்திருக்கிறதா என்று வரி வரியாகப் படிக்காமல் அனுப்பாதீர்கள்.

கடைசியாக உங்கள் முதலாளியிடம் பேச ஒரு விஷயம். ஒரு நாளைக்கு எத்தனை மெயிலுக்குப் பதில் போட்டீர்கள் என்றுதான் அவர் எண்ணிக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன். அப்படி எண்ணும்வரை நீளமாக, பார்த்துப் பார்த்து எழுதினால் நீங்கள் சோம்பேறியாகத்தான் தெரிவீர்கள். அறுபதில் எத்தனை ஏற்கெனவே பதில் போனவர்களிடமிருந்து மறுபடி வந்தவை என்று இரண்டு வாரம் தனியாகக் குறித்து வையுங்கள். பக்கத்திலேயே எதைப் பற்றி என்றும் ஒரு வார்த்தை: பணம், கூரியர், அளவு, கலர். பிறகு அந்தத் தாளை அவரிடம் காட்டுங்கள். நான் சொன்ன மாதிரி எழுத ஆரம்பித்த பிறகும் அதேபோல் இரண்டு வாரம் குறியுங்கள். எண்ணிக்கை குறையவில்லை என்றால், பெயர், எண் எல்லாம் அழித்துவிட்டு அந்த மெயில்களில் நாலைந்தை எனக்கு அனுப்புங்கள், எங்கே சிக்குகிறது என்று பார்க்கலாம்.